பெட்டியில் பச்சை விளக்கு

— இழுக்காதடா! இன்னும் இழுத்தா கதவே கையோட வந்துடப் போகுது.

— கதவு வந்தாத்தான் நல்லதே, அக்கா. கைப்பிடிதான் வந்திருக்கு. இந்தா பாரு.

— மறுபடி சொருகிப் பாரேன்.

— உள்ள இருக்கிற கம்பி உடைஞ்சு போச்சு. இனி வெளிப்பக்கமிருந்து யாராவது திறந்தாத்தான் உண்டு. ஒரு நிமிஷம் இரு, யோசிக்கிறேன்.

— அந்த ஒரு நிமிஷம் ஆரம்பிச்சு கால் மணி நேரமாச்சு. யாருக்காவது போன் பண்ணு.

— ரெண்டு பேர் போனும் வெளிய மேசை மேல இருக்கு. நான்தானே வாங்கி வச்சேன். மைக் பக்கத்துல போன் இருந்தா கொர்ருன்னு பதிவுல விழும்.

— நல்ல சட்டம்டா. போட்டவனையே உள்ள தள்ளிப் பூட்டிடுச்சு. சரி விடு, கத்திப் பார்ப்போம்.

— சுவருக்குள்ள சுவர் வச்சுக் கட்டின பதிவு அறை இது, அக்கா. வாசல்ல லாரி கவிழ்ந்தாலும் இங்க கேக்காது. நாம கத்தினாலும் வெளிய போகாது.

— இப்பவும் பெருமைதான் உனக்கு.

— பெருமை இல்லக்கா, வயித்தெரிச்சல். உனக்கு மைக் உயரம் சரியில்லையேன்னு ஒரு திருகு திருக உள்ள வந்தேன். அதுக்குள்ள கதவு சாத்திக்கிச்சு.

— மணி என்ன? கண்ணாடி வழியா உன் சுவர்க் கடிகாரம் எனக்குச் சரியாத் தெரியல.

— அஞ்சு ஆகப் போகுது.

— ஆறு மணிக்கு விழா. எங்க தலைமை ஆசிரியைக்குப் பள்ளிக்கூடத்துல இன்னைக்குத்தான் கடைசி நாள். முதல்ல என் பாட்டு, அப்புறம்தான் மத்ததெல்லாம்.

— எனக்குத் தெரியாதா? அந்த விழாவுக்கு ஒலி ஏற்பாடே என்னோடதுதான். அதோ, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரும்புச் சட்டத்துல நாலு திருகு போட்டு நிக்குதே, அந்தப் பெட்டியைக் கழட்டி எடுத்துக்கிட்டுப் போகணும். அது இல்லாம அங்க ஒரு ஸ்பீக்கரும் பேசாது.

— ஒரே பெட்டிதானா ரெண்டு இடத்துக்கும்?

— ஒரே பெட்டிதான். இங்க பதிவு பண்ணவும் அதுதான், மேடையில ஒலியைக் கலக்கவும் அதுதான். அதனாலதானே...

— அதனால?

— ஒண்ணும் இல்ல. யாராவது வருவாங்க. பெருக்குற அம்மா அஞ்சு மணிக்கு வந்துடுவாங்க.

— அப்புறம் எதுக்கு உனக்கு இப்படி வேர்க்குது? சின்ன வயசுல அலமாரிக்குள்ள ஒளிஞ்சு மாட்டிக்கிட்டப்பவும் இப்படித்தான். உள்ள இருந்து எங்கிட்டேயே விடுகதை கேட்டுக்கிட்டு இருந்த, அழுகையை மறைக்க.

— இங்க காத்தே இல்லக்கா. ஏசி சத்தம் பதிவுல விழும்னு அணைச்சிட்டேன்.

— அதுக்கும் சட்டமா! சரி, உக்காரு. கடவுள் ஒரு வழி விடுவார். அதுவரைக்கும் நான் பாட்டை ஒரு தடவை பாடிப் பார்த்துக்கறேனே. பதிவுதான் ஓடுதே?

— ஓடுது. கதவு மேல சிவப்பு பல்பு எரியுது பாரு, பதிவு நிக்கிற வரைக்கும் அது அணையாது. ஆனா அக்கா, ஒண்ணு கேக்கவா?

— கேளு.

— பதிவு எதுக்கு? மேடையில நேராப் பாடேன். நான் பாட்டைப் போட்டுவிட, நீ சும்மா வாயசைச்சுக்கிட்டு நிக்கப் போறியா? நீயாக்கா அப்படி?

— நான்தான். ஆறு வருஷமா மைக் முன்னாடி நின்னா காலு நடுங்குதுடா. கண்ணை மூடிப் பாட ஆரம்பிச்சா, சத்தம் போகுதா இல்லையான்னு ஒரு பயம். வகுப்புல பசங்களுக்கு மட்டும்தான் பாடறேன். அதுங்க சிரிக்காது.

— அன்னைக்குச் சிரிச்சவங்களை எல்லாம்...

— அவங்க மேல என்ன தப்பு? ஒருத்தி மேடையில நின்னு தலையை ஆட்டி ஆட்டிப் பாடறா, ஹால்ல ஒரு சத்தமும் இல்ல. யாரா இருந்தாலும் சிரிப்பாங்க. நான்தானே மைக் பொத்தானைப் போட மறந்தேன்.

— அப்படிச் சொல்லாத.

— ஏன், அதானே நடந்தது? ஊமைப் பாட்டு டீச்சர்னு பேரு வச்சாங்க. நானே சிரிச்சுட்டேன், நல்லாத்தான் இருந்துச்சு பேரு. சரி விடு.

— அக்கா, சும்மா இரு கொஞ்சம். அதோ, அந்த அம்மா வந்துட்டாங்க!

— அம்மா! அம்மா! இந்தப் பக்கம் பாருங்கம்மா!

— கேக்காதுக்கா. கையை ஆட்டு.

— கை வலிக்க ஆட்டறேன், திரும்பவே மாட்டேங்கறாங்களே. முதுகைக் காட்டிக்கிட்டே பெருக்கறாங்க. கழுத்துப் பிடிச்சிருக்கா என்ன?

— இல்ல... நான் சொல்லி வச்சிருக்கேன்.

— என்னன்னு?

— போன மாசம் ஒருத்தர் பாடிக்கிட்டிருந்தப்போ இவங்க வந்து கண்ணாடியைத் துடைச்சாங்க. அவர் சிரிச்சுட்டாரு, பதிவு கெட்டுப் போச்சு. சிவப்பு பல்பு எரிஞ்சா கண்ணாடிப் பக்கம் தலையே திரும்பக் கூடாதுன்னு திட்டிட்டேன்.

— அம்மா வயசுக்காரங்களையா?

— நம்ம அம்மா வயசுக்காரங்களைத்தான்.

— பாரு, எவ்வளவு ஒழுங்கா நடந்துக்கறாங்க. நீ அன்னைக்கு ரெண்டு நல்ல வார்த்தையாச் சொல்லியிருந்தா, இப்போ ஒரு தடவையாவது திரும்பியிருப்பாங்க.

— குத்தாதக்கா. மணி அஞ்சேகால். அரை மணிக்குள்ள கிளம்பலேன்னா பெட்டியும் போய்ச் சேராது, நாமளும் போய்ச் சேர மாட்டோம்.

— போகலேன்னா என்ன, இன்னொருத்தி பாடுவா. எனக்கு ஒரு வகையில நிம்மதி.

— நிம்மதியா? அதைத்தான் நான் கெடுத்தேனே!

— ஏன்டா கத்தறே?

— அக்கா, அன்னைக்கு மேடையில உன் காதுல ஹெட்போன் இருந்துச்சுல்ல?

— இருந்துச்சு. நீதானே மாட்டிவிட்டே.

— அதுல உன் குரல் உனக்குக் கேட்டுச்சா?

— ...கேட்டுச்சு.

— நல்லாக் கேட்டுச்சா?

— நல்லாத்தான் கேட்டுச்சு. அதனாலதானே கண்ணை மூடிக்கிட்டு பாடினேன்.

— மைக் அணைஞ்சிருந்தா அது கேட்டிருக்காது, அக்கா. ஆறு வருஷமா நீ அதைக் கேட்டுடுவியோ, கேட்டுடுவியோன்னு பயந்துக்கிட்டே இருக்கேன்.

— ம்.

— அந்தப் பெட்டியில ரெண்டு அமைப்பு சேமிச்சு வச்சிருக்கேன். ஒண்ணு ஸ்டுடியோவுக்கு, இன்னொண்ணு மேடைக்கு. ஸ்டுடியோ அமைப்புல பாடறவங்க குரல் பதிவுக்கும் அவங்க ஹெட்போனுக்கும் மட்டும்தான் போகும். மேடைக்குப் போனதும் ஒரு குமிழைத் திருப்பி மாத்தணும். அவ்வளவுதான் வேலை. சுண்டுவிரல் வேலை. நான் மாத்தல.

— மெதுவாச் சொல்லு. மூச்சு வாங்குது உனக்கு.

— நீ பாடற. பெட்டியில உன் வரிசையில பச்சை விளக்கு ஓடுது. மேலும் கீழும் அழகா ஓடுது. ஹால்ல சத்தம் இல்ல. பச்சை ஓடினா மைக் நல்லா இருக்குன்னு அர்த்தம், தப்பு என்மேலதான்னு அர்த்தம். எனக்குக் கை ஓடல. அது என் முதல் மேடை. ஹால் மேனேஜர் பின்னாடியே நின்னுக்கிட்டு, எந்தப் பையனைக் கூட்டிட்டு வந்தீங்க, வெளிய அனுப்புங்கன்னு கத்தறாரு.

— அப்புறம்?

— மேடைக்கு ஓடி வந்தேன். நீ இறங்கிப் போயிட்டே. மைக்கை எடுத்துப் பார்த்தா பொத்தான் அணைஞ்சிருக்கு. மேனேஜர்கிட்ட தூக்கிக் காட்டினேன். பாருங்க சார், பாடினவங்க மைக்கையே போடலன்னு சொன்னேன். அக்கான்னு கூடச் சொல்லலக்கா. பாடினவங்கன்னு சொன்னேன்.

— சரி...

— சரி விடுன்னு மட்டும் சொல்லாத! ஒவ்வொரு தடவையும் நான்தான் மறந்தேன், நான்தான் மறந்தேன்னு நீ சிரிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த அறைக்குள்ள நிக்கற மாதிரிதான் இருக்கும். எத்தனை தடவை வாய் வரைக்கும் வந்துச்சு தெரியுமா? உன் வீட்டு வாசல் வரைக்கும் வந்துட்டு, சும்மா இந்தப் பக்கம் வந்தேன்னு சொல்லி டீ குடிச்சுட்டுப் போயிருக்கேன்.

— அழாதடா. மூக்கைத் துடை. அங்க பாரு, அந்த அம்மாவைப் பாரு.

— என்ன?

— காதுல உன் ஹெட்போனை மாட்டியிருக்காங்க!

— ஐயோ. மேசை மேல வச்சிருந்தேனே. நாம பேசறதெல்லாம் அதுலதான் போய்க்கிட்டிருக்கு.

— அதான் திரும்பிப் பார்க்கறாங்க. கையில துடைப்பம், கண்ணுல தண்ணி. ஏதோ பொத்தானை அமுக்கறாங்க.

— உள்ள இருக்கிறவங்ககிட்ட பேசற பொத்தான் அது. நான் அமுக்கறதைப் பார்த்திருப்பாங்க. உன் ஹெட்போனைக் கொடு, நடுவுல வச்சுக் கேப்போம்.

— சார், பேசறது கேக்குதுங்களா?

— கேக்குதும்மா! கேக்குது!

— சார், சிவப்பு பல்பு எரியுது. கதவைத் திறக்கலாங்களா?

— திறங்கம்மா! உங்களுக்குப் புண்ணியமாப் போகும், திறங்க!

— கோவிச்சுக்க மாட்டீங்கல்ல?

— மாட்டேம்மா. சத்தியமா மாட்டேன்.

— அப்போ இருங்க, துடைப்பத்தைக் கீழ வச்சுட்டு வரேன்.

— பாவம்டா அவங்க. உன் பல்புக்கு எவ்வளவு பயப்படறாங்க.

— தெரியுதுக்கா.

— வாங்க டீச்சரம்மா, வெளிய வாங்க. எப்படி வேர்த்திருக்கு பாருங்க. தண்ணி குடிங்க. கீழ விழுந்து கிடந்துச்சுன்னு அந்தக் காதுல மாட்டறதை எடுத்தேன், உள்ள பேச்சு கேட்டுச்சு. யாரோ அழற சத்தம்னு காதுல வச்சுப் பார்த்தேன். தப்பா நினைக்காதீங்க. கேட்டதுல பாதி எனக்குப் புரியல.

— புரிஞ்ச பாதியே போதும்மா. அம்மா, போன மாசம் உங்களைத் திட்டினேனே, மன்னிச்சிடுங்க.

— அட, விடுங்க சார். நீங்களும் குடிங்க, இந்தாங்க.

— மணி அஞ்சரை ஆகப் போகுது. தண்ணியைக் குடிச்சுட்டுத் திருகைக் கழட்டுடா.

— பாட்டு இன்னும் பதிவு பண்ணலியேக்கா.

— பதிவு வேண்டாம். நேராப் பாடிக்கறேன்.

— நிஜமாவா? காலு நடுங்காது?

— நடுங்கட்டும். நடுங்கிக்கிட்டே பாடறேன். நீ மட்டும் அந்தக் குமிழைத் திருப்பு.

— திருப்பிட்டு உனக்குக் கை காட்டறேன். அதுக்கு முன்னாடி நான் மேடையில ஏறி, அன்னைக்குத் தப்பு யாரோடதுன்னு மைக்கிலயே சொல்லிடறேன். அந்த மேனேஜரும் வருவாராம்.

— சொல்லணும்னு தோணுதா?

— சொல்லலேன்னா கதவு திறந்தும் உள்ளேயே நிக்கற மாதிரிதான்.

— அப்போ சொல்லு. சுருக்கமாச் சொல்லு. பசங்க பசியோட உக்காந்திருக்கும்.

— உனக்குக் கோபமே வரலியாக்கா? ஒரு அறையாவது விடேன்.

— திருகைக் கழட்டுன்னு சொன்னேன்.

— கழட்டறேன், கழட்டறேன். ஆனாலும் அன்னைக்கு நீ பாட்டு முடிஞ்சதும் பழக்கத்துல மைக்கை அணைச்சுட்டு இறங்கின பாரு, அது மட்டும் இல்லேன்னா நான் அந்தப் பொய்யைச் சொல்லியிருக்கவே முடியாது.

— பாட்டு முடிஞ்சா மைக்கை அணைக்கற பழக்கமெல்லாம் எனக்கு என்னைக்கும் இருந்ததில்லடா. முகம் வெளுத்துப் போய் நீ மேடைக்கு ஓடி வர்றதையும், உன்னைத் துரத்திக்கிட்டு அந்த மேனேஜர் வர்றதையும் பார்த்தேன், அணைச்சேன்.