கயல் பேரில் ஒரு டெஸ்ட் பிரிண்ட்

காட்டுமன்னார்கோயிலிலிருந்து சிதம்பரம் போகும் டவுன் பஸ். எனக்கு முன் சீட்டில், கம்ப்யூட்டர் பையை மடியில் வைத்திருந்தவன் பக்கத்திலிருந்த நண்பனிடம் சொன்னான்: "பழைய சாஃப்ட்வேர் ஒண்ணு எனக்குப் பொண்ணு பாத்துக் குடுத்துடுச்சு மச்சான்."

"என்னடா ஒளர்ற?"

"ரைஸ் மில்லுல பில்லு போடுற சாஃப்ட்வேர், ரொம்பப் பழசு. கம்ப்யூட்டர் முதுகுல ஒயர் சொருகின பிரிண்டர்தான் அதுக்குத் தெரியும். புது பிரிண்டரோ மாடியில, மொதலாளி ரூம்ல, நெட்வொர்க்ல இருக்கு. எப்படியோ ரெண்டையும் சேத்து வுட்டேன். டெஸ்ட்டுக்கு ஒரு பேர அடிச்சேன். வரல. திரும்பத் திரும்ப அடிச்சேன்."

"என்ன பேரு?"

"கயல்."

"மொதலாளி பொண்ணா? அடப்பாவி!"

"வேற பேரு கையில வரலடா. கடைசியில பாத்தா பிரிண்டர்ல பேப்பரே இல்லாம இருந்திருக்கு. மொதலாளியே பேப்பர் வெச்சிருக்காரு. அதுவரைக்கும் நான் அடிச்சதெல்லாம் மொத்தமா அவரு முன்னாடியே வந்து விழுந்துடுச்சு."

எதிர் சீட்டுப் பெண்மணி இவர்கள் பக்கமே திரும்பி உட்கார்ந்துவிட்டார்.

"ஒதச்சாரா?"

"அந்த பேப்பர் கட்டோட கீழ எறங்கி வந்தாரு. 'பிரிண்டர் நல்லா வேல செய்யுது தம்பி. ஞாயித்துக்கெழம அப்பா அம்மாவ அழைச்சிக்கிட்டு வா'ன்னாரு."

"கயலு என்ன சொல்லுச்சு?"

"பக்கத்துல ஒன் பேரயும் போட்டு இன்னொண்ணு அடிங்குது."