தலைவர் ஆகாமல் இருக்க

இத்தாலியின் பலெர்மோ நகரில் பிரான்காச்சோவுக்குப் போகும் பேருந்தில் எனக்கு முன்னால் இரண்டு யாழ்ப்பாணத்துப் பெண்கள். இளையவள் சொன்னாள்:

"ஜெர்மனிக்குப் போன என்ரை மனுசன் திரும்பி வரேல்லையக்கா. வந்தது வேறை ஆள்."

"என்னடி சொல்லுறாய்?"

"எங்கடை தமிழ்ச் சங்கத்தாலை தலைமைப் பயிற்சிக்கு அனுப்பினவையெல்லே? நல்ல தலைவர் எண்டால் முதல்லை மற்றவை சாப்பிட்ட எச்சில் கோப்பையைக் கழுவவேணுமெண்டு அங்கை படிப்பிச்சிருக்கினம். வேலை செய்யிற இத்தாலிக்காரச் சிஞ்ஞோரா வீட்டிலை நாள் முழுக்கக் கழுவிற மனுசன், எங்கடை வீட்டிலை ஒரு கரண்டி தொட்டதில்லை. இப்ப நான் சாப்பிட்டு முடிக்க முதலே கோப்பையைப் பறிக்கிறார்!"

"நல்லதுதானே!"

"ஓமக்கா. அதுதான் உங்களிட்டை ஒரு உதவி. ஞாயிற்றுக்கிழமை சங்கத் தேர்தலிலை அவருக்கு மட்டும் வாக்குப் போட்டிடாதேங்கோ."

"ஏனடி, பாவம்!"

"வெண்டு தலைவராயிட்டால், பிறகு ஏன் கழுவப்போறார்?"