ஓசியில் ஒரு மத்தளம்

சிரட்டையில் நல்ல ஓசை உண்டு, சார். தேங்காய் முற்றியதாக இருக்க வேண்டும், உள்ளே சுரண்டி வெயிலில் காயவைக்க வேண்டும், அவ்வளவுதான். நல்லேப்பிள்ளிப் பக்கம் தேங்காய்க்குப் பஞ்சம் இல்லை. இரண்டு சிரட்டையைத் தட்டினால் முப்பது பிள்ளைகள் தாளம் தப்பாமல் பாடுவார்கள்.

எழுபத்துநான்காம் வருஷம் ஜூனில் இந்தத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குத் தற்காலிகப் பாட்டு வாத்தியாராக வந்தேன். வகுப்பில் ஒரு பெஞ்சும் பல்லி எச்சமும்தான் இருந்தன. ஹெட்மாஸ்டர் ஈஸ்வரமூர்த்தி, "பாட்டுக்கெல்லாம் சர்க்கார் ஒண்ணும் தராதுங்க, நீங்களே பாத்துக்குங்க" என்றார். பார்த்துக்கொண்டேன். பரீதின் சைக்கிள் கடையில் உடைந்த மணிகள் கிடைத்தன. குப்பண்ணன் காளைகளின் பழைய சலங்கையைத் தந்தார். டீக்கடையில் கழித்துப்போட்ட கோப்பைகளில் தண்ணீரைக் கூட்டிக் குறைத்து ஏழு சுரமும் வரவழைத்தேன். தனக்கு வேண்டாததைத் தூக்கிக் கொடுக்கும்போது மனிதர்கள் முகத்தில் ஒரு தாராளம் வரும், பார்த்திருக்கிறீர்களா? எனக்கு அது குமட்டும். இருந்தாலும் கும்பிட்டு வாங்கிக்கொண்டேன்.

வருகிறவர் போகிறவரிடமெல்லாம் ஹெட்மாஸ்டர், "ஒரு பைசா செலவில்லாமப் பண்ணிப்போட்டாருங்க" என்பார். அந்த வார்த்தைக்காக நான் எதுவும் செய்வேன் என்று அப்போது தெரியாது.

பிப்ரவரியில் கல்வி அதிகாரி ஏ.இ.ஓ. வந்து பாட்டு வகுப்பைப் பார்ப்பார், அவர் எழுதுவதைப் பொறுத்துத்தான் என் வேலை நிலைக்கும் என்றார்கள். அதற்கு ஒரு மத்தளம் வேண்டும் என்று பட்டது. கோயில் உக்கிராண அறையில், பழஞ்சாமான்களோடு, தோல் கிழிந்த மத்தளத்தின் பலாக்கட்டை ஒன்று கிடந்தது, அதையும் கும்பிட்டு வாங்கினேன். தோல் மூட்டுகிற பாஸ்கல், "கூலி வேண்டாங்க, எம்பொண்ணு உங்ககிட்டத்தான படிக்குது. தோல் மட்டும் கொண்டாந்துருங்க. ஒரு பக்கத்துக்குக் கன்னுத்தோல், மறுபக்கத்துக்குத் தடிச்ச மாட்டுத்தோல்" என்றான்.

நூர்தீனின் கறிக்கடையில் இரண்டும் விலைக்குக் கிடைத்தன. ஒரு மாதம் டீ குடிக்காமல் இருந்தால் வாங்கியிருக்கலாம். ஆனால் அப்புறம் ஒரு பைசா செலவில்லாமல் என்பது பொய்யாகிவிடும். பொய் எனக்குப் பிடிக்காது, சார்.

பொங்கல் கழிந்த வாரம் பொன்னாத்தாளின் கன்று கழிச்சல் கண்டு செத்தது. புருஷன் இல்லாதவள், ஒரே மாடு, ஒரே மகள். மகள் முத்தாத்தாள் என் வகுப்புதான். சுருதி சேர்ந்து பாடுகிற ஒரே பிள்ளை, ஏ.இ.ஓ. முன்னால் கடவுள் வாழ்த்தைத் தனியாகப் பாட வேண்டியவள். நான் போய் முறையாகக் கேட்டேன். பொன்னாத்தாள் கையைப் பிசைந்தாள்.

"ஏனுங்க வாத்தியாரே, தோலைக் குடுத்துப்போட்டா மாடு பால் சொரக்காதுங்க. அந்தப் பால்லதானுங்க எங்க ஊடு ஓடுது."

தோலுக்குள் வைக்கோலைத் திணித்துத் தைத்து, நான்கு குச்சிகளைக் காலாக நட்டிருந்தார்கள். விடிந்ததும் முத்தாத்தாள் அதை மார்போடு அணைத்துத் தூக்கி வந்து மாட்டின் முன்னால் நிறுத்துவாள். மாடு நக்கி முடிக்கும் வரை பிடித்துக்கொண்டே இருப்பாள். மாடு நக்கும், மடி இறங்கும், தாய்க்காரி கறப்பாள். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நான்கு நாள் பார்த்தேன். உப்பும் அழுகலும் கலந்த நாற்றம். அந்த வாயில்லா ஜீவன் செத்த தோலைக் கொஞ்சுகிறது, இவர்கள் செம்பை நிறைக்கிறார்கள். ஒரு தாயை இப்படியா ஏமாற்றுவது?

மாடு இல்லாவிட்டால் வைக்கோல் கன்றுக்கு வேலை இல்லை. இரண்டு தோலும் சும்மா கிடக்கும், அவளே கூப்பிட்டுக் கொடுப்பாள். இதை யோசித்துப் பார்த்தபோது எனக்குத் தப்பாகவே தெரியவில்லை. மாட்டுக்கும் விடுதலைதான்.

நெல்லுக்கு அடிக்கிற பூச்சிமருந்து எங்கள் வீட்டில் இருந்தது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவர்கள் களத்துக்குப் போயிருந்த சமயம் பார்த்து, கன்றின் முதுகிலும் கழுத்திலும் தடவினேன். மாடு அங்கேதான் அதிகம் நக்கும். தோல் நாற்றத்தில் மருந்து வாடை தெரியாது என்று எனக்குத் தெரியும்.

புதன்கிழமை மத்தியானத்துக்குள் மாடு விழுந்தது. முத்தாத்தாளுக்குக் காலையிலேயே வாயில் நுரை தள்ளியதாம். வண்டி கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், பாதி வழியில் முடிந்துவிட்டது. மாட்டுக்கு வந்த நோய் பிள்ளைக்கும் தொற்றிவிட்டது என்று ஊர் பேசியது. நான் மறுத்துப் பேசவில்லை. பிள்ளைகளோடு வரிசையாகப் போய் மலர் வைத்துவிட்டு வந்தேன். பொன்னாத்தாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தத் தோலை எடுத்துட்டுப் போயிருங்க வாத்தியாரே, எங் கண்ணுல படவேண்டாம்" என்றாள். நான் கேட்கவே இல்லை, சார். அவளாகத்தான் கொடுத்தாள்.

பாஸ்கல் கன்றுத்தோலை விரித்தான், மோந்தான், என்னைப் பார்த்தான். கையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு நேரே ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்துவிட்டான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். வேலைக்குக் கூலி வாங்காதவர்கள் இப்படித்தான், எதையாவது மோந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

மாட்டைக் கொன்றது நான். அதை எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். பிள்ளை விஷயம் வேறு. அவள் கையில் படும் என்று எனக்குத் தோன்றவே இல்லை, சத்தியமாகச் சொல்கிறேன். பரீதின் மகள் கௌலத்தை வேண்டுமானால் கேட்டுப் பாருங்கள். அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மருந்தை எடுக்கப் போகும் முன்பு அவளை வகுப்பில் நிறுத்தி, முத்தாத்தாள் பாட வேண்டிய கடவுள் வாழ்த்தை முழுக்கச் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் போனேன். எதற்கும் இருக்கட்டும் என்றுதான்.