தரை கழுவியவள்

செவன் ஹில்ஸ் ஸ்டேஷனடியில் காலையில் கார் நிறுத்த இடம் கிடைக்காது. அதனால் பஸ்ஸில் வந்து ரயில் எடுத்தேன். அதுதான் கொஞ்சம் பிந்திவிட்டது, மன்னிக்க வேண்டும்.

இந்த விசாரணையில் தமிழில்தான் வாக்குமூலம் தருவேன் என்று நான் சொன்னதும், பக்கத்தில் இருக்கும் மொழிபெயர்ப்பாளர் பிள்ளை என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். என் ஆங்கிலத்தில் குறை ஒன்றும் இல்லை. இவ்வளவு காலமும் ஆங்கிலத்தில் அறிக்கை எழுதித்தான் சாப்பிட்டேன். அந்த மொழியில் எதைச் சொன்னாலும் எனக்கு அறிக்கையாகத்தான் வரும்.

முதலில் இது நடந்த அந்தத் தீவு நாட்டைப் பற்றிச் சொல்கிறேன். நாடு என்பது மரியாதைக்குச் சொல்லும் பேச்சு. சிட்னியில் மெரிலேண்ட்ஸ் கடைத்தெருவுக்குச் சனிக்கிழமை மரக்கறி வாங்க வரும் சனத்தைக் கொண்டுபோய் இறக்கினால் அந்தத் தீவில் நிற்க இடம் போதாது. ஒரு கொடி உண்டு. ஒரு பாராளுமன்றம் உண்டு, அதற்குள் மத்தியானத்துக்குப் பிறகு ஒருவரும் இருக்க மாட்டார்கள். நீதிமன்றத்தின் கூரை ஒழுகும், நீதிபதியை வெளிநாட்டிலிருந்து இரவல் வாங்குவார்கள். ஒரு தேர்தலுக்குப் பிறகு கலவரம் வந்து கடைத்தெரு எரிந்தது. உடனே ஐந்தாறு நாடுகள் சேர்ந்து, அங்கே பொலிஸையும் நீதித்துறையையும் சீர்திருத்தப் போவதாக ஒரு திட்டம் தொடங்கின. அதை நடத்தும் ஒப்பந்தம் சிட்னியில் நான் வேலை செய்த நிறுவனத்துக்குக் கிடைத்தது. பொலிஸ் பகுதி என் பொறுப்பு.

உதவி தந்த நாடுகளின் ஆட்கள் வருடத்துக்கு ஒரு தடவை தொப்பி போட்டுக்கொண்டு வருவார்கள். பொலிஸ்காரரோடு நின்று படம் எடுத்து, இளநீர் குடித்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரும்புவார்கள். அவர்களுக்கு வேண்டியது ஒரு நல்ல செய்தி. அதைச் செய்து கொடுப்பதுதான் என் வேலை.

என்னிடம் இருந்த நல்ல செய்தி தோமசி. பொலிஸ் விசேட பிரிவின் கமாண்டர். அந்தத் தீவில் நேரத்துக்கு வரும் ஒரே ஆள் என்று அவரைச் சொல்லலாம். சிட்னிக்குப் பயிற்சிக்கு வந்தபோது எங்கள் வீட்டில் சாப்பிட்டார். என் மனைவி சிவனேஸ்வரி அவித்த இடியப்பத்தைக் கையால் பிசைந்து சாப்பிட்டு, குசினிக்குள் போய்த் தன் கோப்பையைத் தானே கழுவி வைத்தார். அந்த ஆளை நான் மண்ணிலிருந்து பிசைந்து எடுத்தேன் என்றே சொல்வேன்.

பொலிஸுக்கு எதிராகச் சனம் முறைப்பாடு சொல்ல ஒரு தொலைபேசி இலக்கம் வைத்ததும் என் யோசனைதான். அங்கே யாரும் யாரையும் நம்புவதில்லை, எல்லோரும் எல்லோருக்கும் மச்சான். ஆகவே அழைப்பு நேரே அவுஸ்திரேலியாவுக்கு வரும்படி செய்தோம். எடுத்துப் பேசியவர் கிரிஜா. சென்னைப் பெண், மெல்பேர்ணில் வெரிபீப் பக்கம் இருக்கிறார், வீட்டிலிருந்தே வேலை. மனித உரிமை படித்துப் பட்டம் வாங்கியவர். அப்படிப் படித்தவர்களுக்கு யாராவது அழுதால் போதும், அது உண்மையாகிவிடும்.

ஒரு நாள் அவர் என்னைக் கூப்பிட்டார்.

"சார், ஒரு லேடி போன் பண்ணாங்க. எலெனின்னு பேரு. போலீஸ் ஸ்டேஷன்ல தரை கழுவுறவங்க. லாக்கப்ல ஒரு பையன அடிச்சே கொன்னுட்டாங்களாம். இவங்கள விட்டு ரத்தத்த கழுவ வச்சிருக்காங்க."

"ஆர் அடிச்சதாம்?"

"நம்ம ஸ்பெஷல் யூனிட்தான் சார். தோமசியும் கூட நின்னாராம்." அதோடு இதையும் சொன்னார். "பேர் வெளிய போகாதுன்னு அவங்களுக்கு நான் வாக்குக் குடுத்திருக்கேன்."

"ஓம், போகாது," என்றேன்.

போகவும் இல்லை. அந்தப் பெயரை நான் யாரிடமும் சொல்லவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

செத்தவன் படகு மோட்டார் திருடுகிறவன். அடுத்த மாதம் உதவி நாடுகளின் குழு வர இருந்தது, திட்டத்தின் இரண்டாம் கட்டத்தைக் கொடுப்பதா விடுவதா என்று முடிவெடுக்க. ஒரு மோட்டார் திருடனுக்காக முழுத் தீவின் நீதியையும் நிறுத்த வேண்டுமா? நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்கவில்லை. உங்களை அந்த இடத்தில் வைக்க மாட்டார்கள்.

தோமசிக்குப் போன் எடுத்தேன். சுகம் விசாரித்தேன். பிறகு, "உங்கள் ஸ்டேஷனில் தரை கழுவுகிற ஆளைக் கொஞ்சம் கவனியுங்கள்," என்றேன். அவ்வளவுதான். அங்கே எத்தனை பேர் தரை கழுவினார்கள் என்று கேட்பீர்கள். ஒருத்தி. அந்த வேலைக்குச் சம்பளம் ஒதுக்கியதே எங்கள் திட்டம்தான்.

அதோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். அவளை வேலையால் நிறுத்தி, அவள் ஊருக்கு அனுப்பியிருந்தால் போதும். ஆனால் அந்த நாட்டு ஆட்களிடம் ஒரு வேலை கொடுத்தால் அதைப் பாதியில் குழப்பிவைப்பார்கள். ஜீப்பில் போய் வீட்டுக் கதவை உடைத்திருக்கிறார்கள். அவள் பின்பக்கத்தால் ஓடிவிட்டாள்.

அந்த வாரம் கிரிஜாவின் மகனுக்குக் காய்ச்சல். அவருக்கு வரும் அழைப்புகளை என் போனுக்குத் திருப்பிவிட்டோம். சனிக்கிழமை முன்னேரம் மெரிலேண்ட்ஸில் மீன்கடைக்கு முன்னால் காரில் இருந்தேன், சிவனேஸ்வரி உள்ளே போயிருந்தா. போன் அடித்தது.

"அந்த அக்கா இல்லையா?" என்று எலெனி ஆங்கிலத்தில் கேட்டாள்.

"நான் அவருக்கு மேல் வேலை செய்கிறவன். என்னிடம் சொல்லலாம்."

மூச்சு வாங்கியது அவளுக்கு. பொலிஸ் தேடி வந்ததைச் சொன்னாள். யாராவது ஒரு வெள்ளைக்காரரை அனுப்ப முடியுமா என்று கேட்டாள். எங்கே இருக்கிறாய் என்று கேட்டேன். அவள் சொல்லாமல் விட்டிருக்கலாம். வடக்குக் கிராமத்தில் தேவாலயத்துக்குப் பின்னால், கொப்பரை காயப்போடும் கொட்டிலுக்குள் இருப்பதாகச் சொன்னாள். சின்ன மகளும் கூட இருப்பதாகச் சொன்னாள்.

"அங்கேயே இரு. வெளியில் வராதே. ஆள் அனுப்புகிறேன்," என்றேன்.

அனுப்பினேன். தோமசிக்குப் போன் எடுத்து இடத்தைச் சொன்னேன்.

தோமசி கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. "மகேந்திரா, அவள் என் ஊர்க்காரி. என் தாயின் பக்கத்துச் சொந்தம்," என்றார்.

"அப்படியென்றால் உங்களை நம்பி வெளியே வருவாள்," என்றேன்.

"என்ன செய்யச் சொல்கிறீர்கள்?"

"வருகிற குழு அவளோடு பேசக்கூடாது. மற்றதை நீங்கள் தீர்மானியுங்கள். உள்நாட்டுப் பொறுப்பு என்று பயிற்சியில் சொல்லித் தந்தது இதைத்தான்."

இவ்வளவு படிப்பித்தும் இப்படி ஒரு கேள்வி கேட்டாரே என்று எனக்கு அலுப்பாக இருந்தது. நான் போனை வைக்கும்போது, திறந்திருந்த கார்க் கண்ணாடியடியில் நின்ற சிவனேஸ்வரி மீன் பையோடு உள்ளே ஏறினா.

"ஆரோட கதைச்சனீங்கள்? ஆர் கொட்டிலுக்குள்ள இருக்கினம்?"

"வேலை விஷயம். விளைமீன் கிடைச்சுதோ?"

"கிடைச்சுது," என்றா.

எலெனியைக் கடல் கரையில் ஒதுக்கியிருந்தது. தவறி விழுந்து மூழ்கினாள் என்று தோமசியின் ஆட்கள் எழுதினார்கள். நடக்கத் தொடங்குமுன்பே நீந்துகிற சனம் அது. ஒரு பொய்யைக்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை. பிள்ளை எங்கே என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

குழு வந்தது, இளநீர் குடித்தது. அதற்குப் பிறகு முறைப்பாட்டு இலக்கத்துக்கு ஒரு அழைப்பும் வரவில்லை. பொலிஸ் மீது மக்களுக்கு நம்பிக்கை வந்துவிட்டதற்கு அதை அடையாளமாகக் காட்டினேன். இரண்டாம் கட்டம் கிடைத்தது. கிரிஜாதான் எலெனியைப் பற்றி விசாரித்து, என் அழைப்புகளைத் தேடிப் பார்த்து, உங்களிடம் வந்தவர். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் மறைத்திருக்க மாட்டேன்.

மனைவியிடமும் மறைக்கவில்லை. போன கிழமை உங்கள் ஆட்கள் வீட்டுக்கு வந்து போன பிறகு கேட்டா.

"அண்டைக்குக் காருக்குள்ள இருந்து, அந்தத் தாயும் பிள்ளையும் ஒளிச்சிருந்த இடத்தைச் சொன்னது நீங்கள்தானே?"

"ஓம்."

அவ கதிரையில் இருந்து எழும்பவில்லை. பிறகு, "அரியண்ணையைக் காட்டிக் குடுத்தவனும் வாய் திறக்கேல்ல. தலையைத்தான் ஆட்டினவன்," என்றா.

அரியரத்தினம் என் தமையன். யாழ்ப்பாணத்தில் இராணுவத்தார் எங்கள் ஊரைச் சுற்றிவளைத்து எல்லோரையும் பள்ளிக்கூட வளவில் வரிசையில் விட்டார்கள். ஜீப்பில் ஒருவன் இருந்தான், தலையில் சாக்கு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை. அண்ணன் முன்னால் வந்தபோது அவன் தலையை ஆட்டினான். அண்ணன் திரும்பி வரவில்லை. அந்தச் சாக்குக்குள் யார் என்று எங்களுக்கு இன்றைக்கும் தெரியாது.

சிவனேஸ்வரி அன்றிலிருந்து என்னோடு கதைப்பதில்லை. உணர்ச்சியில் சொல்லிவிட்டா, வித்தியாசம் விளங்கவில்லை. அவன் கோழை, முகத்தை மூடியிருந்தான். அன்று போனில் எலெனி பெயர் கேட்டபோது நான் என் முழுப் பெயரையும் சொன்னேன். அவளுக்கு அது வாயில் நுழையவில்லை. இரண்டு தரம் திருப்பிச் சொல்லிப் பார்த்துவிட்டு, ஜெபத்தில் உங்கள் பெயரைச் சொல்வேன் என்றாள்.