தாங்கிப் பிடித்த கை

உங்கள் நாற்காலி நல்ல நாற்காலி, டாக்டர். இரண்டு பக்கமும் கைப்பிடி இருக்கிறது, முதுகுச் சாய்வும் உயரமாக இருக்கிறது. ரத்தம் எடுக்கும் இடங்களில் பெரும்பாலும் ஒரு மொட்டை ஸ்டூலைப் போட்டு வைத்திருப்பார்கள். மயங்கி விழுகிறவர்களை அதில் உட்கார வைத்தால் என்ன ஆவது? இதையெல்லாம் யாரும் யோசிப்பதில்லை. நான் நிறைய யோசித்திருக்கிறேன்.

பாப்பா பக்கத்து அறையில் இருக்கிறாள். "நீங்க டாக்டரோட பேசிட்டிருங்க, நாங்க பாத்துக்கறோம்" என்று நர்ஸ் என்னை இங்கேயே நிறுத்திவிட்டார். அவளுக்கு ஊசி போடும்போது நான் கூட இல்லாமல் இருப்பது இதுதான் முதல் தடவை. முப்பது தாண்டிய தங்கையை நான் பாப்பா என்று கூப்பிட்டதற்கு நீங்கள் சிரித்தீர்கள். சிரிக்கலாம். அம்மா போன பிறகு அவளுக்குத் தலை பின்னி, பாடம் சொல்லிக்கொடுத்து, கல்லூரி வரை கொண்டுவந்து விட்டவள் நான். எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. லென்ஸைத் தேய்த்து ஃப்ரேமில் பொருத்த வேண்டும். அழுத்தினால் உடையும், தளர்த்தினால் கழன்று விழும். அந்தப் பதம் எனக்குக் கைவந்தது.

ஒவ்வொரு தடவையும் வலிப்பு வந்தபோது அவள் உட்கார்ந்திருந்தாளா, படுத்திருந்தாளா, யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று கேட்டீர்கள். இதற்கு முன் எந்த டாக்டரும் இதைக் கேட்டதில்லை. கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன். மறைக்க என்ன இருக்கிறது?

கல்லூரியில் சேர்ந்த புதிதில் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. தெருமுனை லேபுக்குக் கூட்டிப் போனேன். ஊசி ஏறியதுமே, "அக்கா, காது அடைக்குது" என்றாள். மேலுதடு வேர்த்தது. அப்படியே சரிந்துவிட்டாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவளை வாரி நெஞ்சோடு சேர்த்து நிமிர்த்திப் பிடித்துக்கொண்டேன். அவள் கைகள் வெட்டி வெட்டி இழுத்தன, கண் மேலே செருகிக்கொண்டது.

லேப்காரர் என் கையைப் பிடித்து விலக்கினார். "நிமிர்த்திப் பிடிக்காதீங்கம்மா. மூளைக்கு ரத்தம் போகாம இப்படித்தான் இழுக்கும். பாக்கறவங்க வலிப்புன்னு நினைச்சுடுவாங்க. படுக்க வச்சு காலைத் தூக்குங்க, தானா எழுந்துடும்."

படுக்க வைத்தோம். எழுந்துவிட்டாள். என் முகத்தைப் பார்த்து, "என்னக்கா, நான் செத்துட்டேன்னு நினைச்சியா?" என்று சிரித்தாள். வழியெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லி இருவரும் சிரித்துக்கொண்டே வந்தோம். ஊசியைப் பார்த்தால் மயங்குகிறவர்கள் ஊரில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அது நோயே இல்லை என்று அன்றைக்கே எனக்குத் தெரியும்.

பிறகு அவளுக்கு ரயில் ஓட்டும் வேலை கிடைத்தது. பயிற்சி வேறு ஊரில், குவார்ட்டர்ஸும் அங்கேயே. தகவல் வந்த நாளில் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. சமையலறைக்கும் வாசலுக்குமாக நடந்து, "அடுத்த ஸ்டேஷன் அடுப்படி, பயணிகள் கவனிக்கவும்" என்று அறிவிப்பு வேறு. நானும் சிரித்தேன். இனிப்பு வாங்கி வந்து எதிர்வீட்டுக்கெல்லாம் கொடுத்தேன்.

எங்கள் வீட்டில் இரண்டே அறைகள். சமையலறை ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர் இடிக்கும். அவள் பேசிக்கொண்டே இருப்பதால் அந்தச் சுவர் எனக்குத் தெரிந்ததில்லை. இனிமேல் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் சாப்பிட வேண்டும். எனக்குப் பயமாக இருந்தது, டாக்டர். வேறு ஒன்றும் இல்லை, வெறும் பயம்.

வேலைக்கு முன்னால் உடல் பரிசோதனை. அன்று காலையில், "அக்கா, சாப்பிட்டுப் போகலாமா?" என்று கேட்டாள். சாப்பிடலாம் என்றுதான் ரயில்வேயில் சொல்லியிருந்தார்கள். நான்தான் தண்ணீர்கூடக் குடிக்க வேண்டாம் என்றேன். வெறும் வயிறாக இருந்தால் பரிசோதனை சரியாக வரும் என்று தோன்றியது.

ரத்தம் எடுக்கும் அறையில் சுவரோரம் ஒரு கட்டில் இருந்தது. மயக்கம் வருமா என்று அங்கே இருந்த நர்ஸ் கேட்டார். "வரும். ஆனா படுக்கச் சொன்னா கூச்சப்படுவா. நான் பிடிச்சுக்கறேன்" என்றேன். வெளியே பெரிய வரிசை. அவர் சரி என்றுவிட்டார். ஊசி ஏறியது. காது அடைக்கிறது என்றாள். நாற்காலிக்குப் பின்னால் நின்று, இரண்டு அக்குளிலும் கை கொடுத்து, தலை சாயாமல் என் மேல் நிமிர்த்தி வைத்துக்கொண்டேன். இறுக்கவில்லை. பதமாகத்தான் பிடித்தேன். இழுக்கத் தொடங்கியது. வரிசையில் நின்ற ஒரு பெண், "கூடப் பொறந்தவங்கன்னா இப்படி இருக்கணும்" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

அங்கே இருந்த டாக்டர் ஓடி வந்தார். "இப்படி முன்னாடி வந்திருக்கா?" என்று கேட்டார். வந்திருக்கிறது என்றேன். அதில் பொய் எங்கே இருக்கிறது? வலிப்பு என்ற சொல்லை நான் என் வாயால் சொல்லவே இல்லை. அவர்தான் சொன்னார். வலிப்பு உள்ளவர்களை ரயில் ஓட்ட விட முடியாது என்றும் அவர்தான் சொன்னார். திரும்பி வரும்போது பாப்பா பஸ்ஸில் என் தோளில் முகத்தை வைத்து அழுதுகொண்டே வந்தாள். நானும் அழுதேன். உண்மையாகவே அழுதேன்.

அதற்குப் பிறகு மாத்திரை. மாத்திரை போட்டால் அவளுக்குப் பகலெல்லாம் தூக்கம். அடுப்புப் பக்கம் போகக் கூடாது என்றேன், கேட்டுக்கொண்டாள். குளியலறைத் தாழ்ப்பாளை நானே ஸ்குரூ டிரைவர் வைத்துக் கழற்றினேன். தெருவில் கையைப் பிடித்துத்தான் கூட்டிப் போவேன். நான் கடைக்குப் போகும்போது வீட்டை வெளியே பூட்டிக்கொண்டு போவேன், மயக்கத்தில் எங்காவது இறங்கிப் போய்விட்டால்? அவளோடு தேர்வு எழுதிய ஒரு பையன் இரண்டு மூன்று தடவை வந்தான். நல்ல பையன். அவள் தூங்குகிறாள் என்றேன். அவள் தூங்கிக்கொண்டுதான் இருந்தாள்.

அந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அவ்வப்போது ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். எடுக்கும்போதெல்லாம் மயங்குவாள். நான் பிடித்துக்கொள்வேன். கை கால் இழுக்கும். இன்னும் அடங்கவில்லையே என்று மாத்திரையைக் கூட்டுவார்கள். கூட்டினால் மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும். இதில் நான் தனியாகச் செய்தது என்ன? நீங்கள் எல்லோரும் சேர்ந்து செய்ததுதானே.

ஒரு தடவை அவளே கேட்டாள். "அக்கா, வீட்ல இருக்கும்போது எனக்கு ஏன் வரவே மாட்டேங்குது?"

"வீட்ல நான் இருக்கேன்ல" என்றேன். தலையை ஆட்டிக்கொண்டாள். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதிகம் கேள்வி கேட்க மாட்டார்கள்.

எல்லாம் என் வலது கையால் கெட்டது. போன மாதம் கடைப் படியில் வழுக்கி விழுந்து, இதோ, கட்டுப் போட்டிருக்கிறேன். இந்தக் கட்டோடுதான் உங்களிடம் முதல் தடவையாக வந்தோம். ஒற்றைக் கையால் என்னால் அவளைத் தாங்க முடியவில்லை. உங்கள் நர்ஸ் அவளைக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டார். மயங்கினாள், அவ்வளவுதான். ஒரு விரல்கூட இழுக்கவில்லை. கண்ணைத் திறந்து மேலே பார்த்து, "அக்கா, இந்த ஃபேன் எவ்ளோ மெதுவா சுத்துது பாரேன்" என்றாள். நீங்கள் ஃபேனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தீர்கள்.

மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தப் போவதாகச் சொல்கிறீர்கள். நல்லது. நிறுத்திய பிறகு அவளை யார் பார்த்துக்கொள்வது? பஸ்ஸில் எப்படி ஏற வேண்டும் என்பதே அவளுக்கு மறந்திருக்கும். வெளியே போய்விட்டால் திரும்பி வரத் தெரியுமா? வந்தாலும், எதற்காக வர வேண்டும்? மன்னியுங்கள், அதைக் கேட்க நினைக்கவில்லை.

ஆமாம், டாக்டர், செய்தேன். தெரிந்துதான் செய்தேன். படுக்க வைத்தால் எழுந்துவிடுவாள், எழுந்தால் போய்விடுவாள். அதனால் ஒவ்வொரு தடவையும் நிமிர்த்திப் பிடித்தேன். அவளிடம் மட்டும் சொல்லாதீர்கள். கேட்டால் தாங்க மாட்டாள், அந்த இடத்திலேயே விழுந்துவிடுவாள்.

அந்தக் கதவு திறந்தா இருந்தது? நர்ஸ் அதைச் சாத்திவிட்டுப் போனார் என்று நினைத்தேன். அங்கே நிற்பது பாப்பாவா? முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள்? கேட்டிருந்தால் இந்நேரம் விழுந்திருக்க வேண்டுமே. சுவரைக்கூடப் பிடிக்காமல் நிற்கிறாள்.

அவளை அப்படியே நிற்க விடாதீர்கள், டாக்டர். அந்தக் கைப்பிடி நாற்காலியை இப்படித் தள்ளுங்கள். என் இடது கை நன்றாகத்தான் இருக்கிறது.