ஆறு இலக்க எண்ணைச் சொல்லாதவர்

நான் மேற்படி முகவரியில் கணவருடனும் இரண்டு பெண் பிள்ளைகளுடனும் குடியிருந்து வருகிறேன். வயது நாற்பத்து மூன்று. பதினொரு வருடங்களாக டொமைன் விற்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை பார்த்தேன். டொமைன் என்பது இணையதளத்தின் பெயர். அதைப் பெரிய பதிவு நிறுவனம் ஒன்றிடமிருந்து எடுத்து நாங்கள் சில்லறையாக விற்போம். வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். விட்டால் பெயர் கைமாறிவிடும். கெடு நெருங்கும்போது போன் செய்து நச்சரிப்பது என் வேலை என்பதால் வாடிக்கையாளர்கள் எனக்கு வைத்த பெயர் ‘தேதியக்கா’.

சென்ற மாதம் மூன்றாம் தேதி காலை ஒன்பது மணிக்கு வேலைக்குச் சென்றபோது அலுவலகம் பூட்டியிருந்தது. முதலாளிக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. அதன் பிறகு அவர் வீட்டுக்குச் சென்றேன். அவர் மனைவி கதவைப் பாதி திறந்து, “அவருக்கு உடம்பு முடியல, கம்பெனிய மூடியாச்சு, இனிமே வராதீங்க” என்றார். வாடிக்கையாளர்கள் நூற்றுத் தொண்ணூறு பேருக்கு யார் சொல்வது என்று கேட்டேன். “எனக்கென்ன தெரியும்?” என்று கதவைச் சாத்திக்கொண்டார். அந்த அம்மாளைக் குறை சொல்ல மாட்டேன், அவர் கண்கள் வீங்கியிருந்தன.

அதன் பிறகு பெரிய நிறுவனத்துக்குப் போன் செய்தேன். அங்கிருந்த பெண் பொறுமையாகப் பேசினார். சில்லறைக் கடை மூடினாலும் பெயர்கள் தங்களிடம் பத்திரமாக இருப்பதாகவும், ஒவ்வொரு உரிமையாளரும் உறுதி செய்தால் தாங்களே நேரடியாக ஏற்றுக்கொள்வதாகவும், ஆனால் எல்லாப் பெயர்களுக்கும் நேராக ஒரே மின்னஞ்சல்தான் இருப்பதாகவும் சொன்னார். அது எங்கள் அலுவலக மின்னஞ்சல். வாடிக்கையாளருக்கு ஏன் தொந்தரவு என்று, உரிமையாளரின் மின்னஞ்சல் கேட்கும் கட்டத்தில் எங்களுடையதையே பதினொரு வருடமாக அடித்து வைத்தவள் நான்தான். முதலாளி சொல்லவில்லை. வசதியாக இருந்தது, செய்தேன். எச்சரிக்கைக் கடிதங்கள் எல்லாம் யாரும் திறக்காத பெட்டிக்குப் போய்க்கொண்டிருந்தன. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதன் பிறகு என் சொந்தப் போனிலிருந்து ஒவ்வொருவராக அழைத்தேன். அவர்களுடைய போன் எண்கள் எங்கே கிடைத்தன என்று இந்த வாக்குமூலத்தை எழுதும் காவல் அதிகாரி கேட்டார். என் டைரிகளில் இருந்தன. உரிமையாளர்தானா என்று உறுதி செய்ய, பெரிய நிறுவனம் தன் பதிவில் உள்ள அவரவர் போனுக்கு ஆறு இலக்க எண் ஒன்றை அனுப்பும், அவர் அதை எனக்குப் படித்துச் சொல்வார், நான் அதை நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் அடித்தால் பெயர் அவரிடமே நேராகச் சேர்ந்துவிடும். இப்படி நூற்று எண்பத்தொன்பது பேருக்கு முடித்தேன். ஒருவர் மட்டும் பாக்கி. அவர் இந்தக் காவல் நிலையத்திலிருந்து இரண்டு தெரு தள்ளிக் காது கேட்கும் கருவி விற்பவர். என்மேல் புகார் கொடுத்தவரும் அவர்தான்.

அவர் பெயரின் கெடு முடிந்து, அதற்கு மேல் கொடுத்த சலுகை நாட்களும் இன்று மாலை ஐந்து மணியோடு தீர்கின்றன. அதற்குப் பிறகு யார் வேண்டுமானாலும் அதை வாங்கலாம். காது கேளாத பிள்ளைகளைப் பெற்றவர்கள் பரிசோதனைத் தாள்களை அந்தப் பெயரில் உள்ள மின்னஞ்சல் முகவரிக்குத்தான் அனுப்புகிறார்கள். விட்டுவிட்டால் அவை முகம் தெரியாத எவனுக்கோ போகும்.

அவரை நான்கு முறை அழைத்தேன். முதல் முறை, “தேதியக்கா ஆபீஸ் நம்பர்ல இருந்துதான் பேசுவாங்க” என்று வைத்துவிட்டார். அதன் பிறகு எடுக்கவேயில்லை. பெரிய நிறுவனத்துப் பெண் அழைத்தபோதும் அதே கதைதான். ஆகவே இன்று காலை பஸ் ஏறி, நாலு மணி நேரம் பயணம் செய்து, பகல் இரண்டு மணிக்கு அவர் கடைக்கு வந்தேன். ஒன்பது வருடம் போனில் பேசியிருக்கிறோமே தவிர முகம் பார்த்ததில்லை. அடையாள அட்டை கேட்டார். அது பூட்டிய அலுவலகத்தில் என் மேசைக்குள் கிடக்கிறது. அதன் பிறகும் நான் விடாமல் எண்ணைக் கேட்டேன். அவர், “உட்காருங்கம்மா, தண்ணி குடிங்க” என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, உள்ளே போய்க் காவல் நிலையத்தை அழைத்தார். காவலர் ஒருவர் வந்து என்னை இங்கே கூட்டி வந்தார்.

அவர்மேல் எனக்குக் கோபமில்லை. “யார் கேட்டாலும் நம்பரைச் சொல்லாதீங்க, நானே கேட்டாலும் சொல்லாதீங்க” என்று வருடத்துக்கு ஒரு முறை அத்தனை பேரிடமும் ஓதியவள் நான். அதை மனதில் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் கேட்டவுடன் மளமளவென்று சொன்னார்கள். ஒரு திருடி கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள்.

இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, நாலு மணி ஐந்து நிமிடத்துக்கு, அதிகாரி பெரிய நிறுவனத்தை அழைத்து நான் சொன்னதைச் சரிபார்த்தார். அதன் பிறகு கடைக்காரரை ஸ்பீக்கரில் அழைத்து, “ஸ்டேஷன்ல இருந்து பேசறேங்க. அந்தம்மா சொல்றது உண்மைதான், நம்பரைச் சொல்லிடுங்க” என்றார். “போன்ல யார் வேணாலும் போலீஸ்னு சொல்லலாங்க” என்று அவர் வைத்துவிட்டார். அதிகாரி போனையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. “எந்திரிங்கம்மா, நேர்லயே போயிடலாம்” என்று அதிகாரி தொப்பியை எடுத்தார்.

கிளம்புமுன் ஒன்றை எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டேன். அந்த எண்ணை அவர் என்னிடம் சொல்ல வேண்டாம். அதிகாரியிடமும் சொல்ல வேண்டாம். பெரிய நிறுவனத்தின் பக்கத்தை அவரே தம் கணினியில் திறந்து, அவரே அடிக்கட்டும். நாங்கள் இருவரும் வாசல் பக்கம் திரும்பி நிற்கிறோம். எல்லாரிடமும் நான் அப்படித்தான் செய்யச் சொல்லியிருக்க வேண்டும்.

இதுவரை எழுதியிருப்பது நான் சொல்லச் சொல்ல எழுதியது. படித்துக் காட்டக் கேட்டேன். என் சொல்தான், மெய்தான். இப்போது மணி நாலு இருபத்தைந்து.

(கையொப்பம்)