சிவப்பு மையில் பதினாலு

— பென்டிரைவ் எங்கக்கா? இந்தப் பொட்டிக்குப் பின்னாலதானே குத்தி வச்சுட்டுப் போனேன்.

— அதை எடுத்தாச்சு. துணியை விரிச்சு வெட்டும்போதெல்லாம் அதுல போய் மாட்டுது.

— கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணிட்டா எடுத்தே?

— ஆமா பின்ன. ஆஃப் பண்ணாம எடுப்பாங்களா? ஏண்டா, மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி ஆகுது?

— அக்கா, முதல்ல நீ உக்காரு.

— நான் தையல் மெஷின்ல உக்காந்துதான் இருக்கேன். நீதான் நிக்கறே. அந்த ஸ்டூல் மேல இருக்கற சட்டைங்களை நகர்த்திட்டு உக்காரு.

— கரெண்ட் எப்ப வரும்?

— போய் அரை மணியாச்சு. வரும்போது வரும். என்ன அவசரம் இப்ப?

— ஸ்கூல் பிள்ளைங்க அளவெல்லாம் இதுலயா ஏத்தினே?

— அறுபத்திரண்டு பிள்ளைங்க. தோள், மார்பு, இடுப்பு, கை நீளம், ஒண்ணு விடாம. நீதானே சொன்னே, இனிமே எல்லாம் இதுலதான், அளவுச் சீட்டையெல்லாம் கிழிச்சுப் போடுன்னு. கிழிச்சுப் போட்டாச்சு. வர்ற வியாழக்கிழமை யூனிஃபார்ம் போய்ச் சேரணும்.

— போச்சு.

— என்ன போச்சு?

— போன ஞாயித்துக்கிழமை விண்டோஸுக்குப் பதிலா நான் போட்டுக் காட்டின லினக்ஸ் இருக்கே, அது கம்ப்யூட்டருக்குள்ள ஏறவே இல்லக்கா. பென்டிரைவ்லேர்ந்தே ஓடுச்சு. சிம்பிள்க்கா, ஆஃப் பண்ணா அதுல ஏத்தினதெல்லாம் அழிஞ்சிடும்.

— நீ சிம்பிள்னு சொன்னாலே எனக்கு ரெண்டு வேலை கூடுது.

— உனக்குப் பயம் தெளியட்டுமேன்னுதான் அப்படி வச்சேன். ஒரு வாரம் பழகிப் பாரு, பிடிச்சிருந்தா இன்னிக்கு வந்து நிரந்தரமா ஏத்திடலாம்னு.

— கெட்டித் தையலுக்கு முன்னாடி ஓட்டுத் தையல் போட்டுப் பாக்கற மாதிரி.

— அதேதான்.

— ஓட்டுத் தையல் போட்ட சட்டையை மாட்டிவிட்டு, ஒரு வாரம் வேலைக்குப் போயிட்டு வான்னு அனுப்புவாங்களாடா? அதுவும் இந்தத் தெருவுல. நாளுக்கு மூணு தடவை கரெண்ட் போகுது.

— சொல்ல மறந்துட்டேன்.

— மறந்தியா? சுவத்துல ஒட்டிட்டுப் போனியே ஒரு சாசனம், அதைப் படி. சத்தமா.

— ஒண்ணு, கறுப்புத் திரை வந்தா எதையும் தட்டாதே. ரெண்டு, அப்டேட் கேட்டா என்னைக் கேக்காம சரின்னு சொல்லாதே. மூணு, ஸ்கிரீன்ல இருக்கற மஞ்சள் படத்தை அழுத்தவே அழுத்தாதே. நாலு... வேணாம்க்கா, போதும்.

— மொத்தம் எத்தனை?

— பதினாலு.

— பதினாலும் சிவப்பு மையில. அதுல எங்கயாவது, ஆஃப் பண்ணாதேன்னு இருக்கா?

— இல்ல.

— அதைப் பாத்துட்டு ரெண்டு நாள் நான் இந்தப் பக்கமே வரல. வெட்டுத் துணியைப் போட்டு மூடி வச்சிருந்தேன். உங்க அத்தான் தூசி தட்டப் போனதுக்கே கத்தினேன். சரி, வாயைப் பொளந்துக்கிட்டு உக்காராதே. இந்தா ஊசி. அந்தச் சட்டைங்க வேற ஆர்டர், அதுக்குப் பட்டன் தை.

— இப்பவா?

— கை சும்மாதானே இருக்கு.

— அக்கா, நாளைக்கு நான் லீவு போடறேன். ஸ்கூலுக்குப் போய் அறுபத்திரண்டு பேருக்கும் நானே அளவெடுத்துட்டு வந்துடறேன்.

— நீயா? போன தடவை உங்க அத்தானுக்கு நீ எடுத்த அளவுல ஒரு கை முழங்கைக்கு மேலயே நின்னுடுச்சு.

— அப்ப நீ எடு, நான் எழுதிக்கறேன். தலைமையாசிரியர்கிட்ட நானே பேசறேன். எந்தத் தப்பும் உன்மேல இல்லன்னு சொல்லிடறேன்.

— நாலு வருஷமா அந்தம்மாகிட்ட நடையா நடந்து வாங்கின ஆர்டர்டா இது.

— தெரியும்க்கா. உனக்கு நல்லது பண்றேன்னு வந்து உன் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டேனே.

— அழறியா என்ன?

— இல்ல. ஊசி குத்திடுச்சு.

— எத்தனை சட்டை முடிச்சே?

— ஒன்பது.

— பரவால்லையே. இதோ, கரெண்ட் வந்துடுச்சு. போய் கம்ப்யூட்டரைப் போடு.

— வேணாம்க்கா. பாத்தா இன்னும் வயிறெரியும்.

— போடுன்னா போடு.

— போட்டுட்டேன். என்னக்கா இது? பென்டிரைவ் இல்லாமலே லினக்ஸ் வருது.

— வரும்.

— இரு, இரு. அளவு எல்லாம் இருக்கு. அறுபதும்... அறுபத்திரண்டும் இருக்கு. யாரு உள்ள ஏத்திக் குடுத்தா?

— யாரு ஏத்துவா? செவ்வாக்கிழமை அளவு போட உக்காந்தேன். அந்த மஞ்சள் படத்துக்குக் கீழ நிறுவுன்னு தமிழ்ல எழுதியிருந்துச்சு. தமிழ்ல வச்சுக் குடுத்தே பாரு, அது ஒண்ணுதான் நீ பண்ண உருப்படியான காரியம். அழுத்தினேன். பழசை அழிக்கவா, பக்கத்துல வைக்கவான்னு கேட்டுச்சு. பக்கத்துல வைன்னேன். ஒவ்வொண்ணா நிதானமா கேட்டுச்சு, நானும் பதில் சொன்னேன். முடிஞ்சதும் பென்டிரைவை எடுத்துடுன்னுச்சு, எடுத்துட்டேன். அப்புறம்தான் முதல் அளவையே ஏத்தினேன்.

— மூணாம் நம்பர்ல அழுத்தவே அழுத்தாதேன்னு எழுதியிருந்தேனே.

— அந்த ஒண்ணுக்கு மட்டும் அடியில ரெண்டு கோடு போட்டிருந்தே. அப்ப இதுலதான் விஷயமே இருக்குன்னு நினைச்சேன்.

— அப்புறம் ஏன்க்கா இவ்வளவு நேரம் என்னைப் போட்டு வதைச்சே?

— பதினாலு பயத்தை எனக்கு எழுதிக் குடுத்தியே, ஒண்ணாவது நீயும் பட்டுப் பாருன்னுதான். பட்டன் வேலையும் பாதி முடிஞ்சுது.

— சரி, அந்தப் பென்டிரைவ் எங்க?

— எதிர்க்கடை ஜெராக்ஸ்காரர் வாங்கிட்டுப் போயிருக்கார். சாப்பிட்டதும் வந்து அவர் கம்ப்யூட்டர்லயும் நானே லினக்ஸ் ஏத்தித் தரேன்னு சொல்லியிருக்கேன். நீயும் கூட வா. ஆனா அங்க வந்து வாயை மட்டும் திறக்காதே, பாவம், அவர் பயந்த சுபாவம்.